விர்ஜிலுக்கு மாட்டிய இரண்டாவது ஆம்ப்ளிஃபயர்

விர்ஜில் ஸ்டம்பா எந்த உணவகத்திலும் முதல் ஆளாகச் சாப்பாடு சொல்லி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவன் சொல்லி முடிக்கும் வரை மெனு அட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பார். பிறகு, "எனக்கும் அதேதான்" என்பார். இப்படிச் சொல்லி ஒருமுறை அவருக்குக் கட்டோடு பிடிக்காத ஈரல் வறுவலை முகம் சுளிக்காமல் தட்டு காலியாகும் வரை தின்றார். சாப்பாட்டு விஷயத்தில் அலட்டிக்கொள்ளாத மனுஷன் என்று நானே நாலு பேரிடம் அவரைப் புகழ்ந்திருக்கிறேன். முட்டை எப்படி வேண்டும், ரொட்டி எது வேண்டும் என்று பரிமாறும் பெண் கேட்கும் கேள்விகள் அவர் காதில் விழவில்லை என்பது, பதினைந்து வருஷம் அவர் பின்னால் வண்டி ஓட்டிய எனக்குத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டுவது என் தொழில். சத்தத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன். இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர் கார்வர்ஸ் லேண்டிங், ஓஹையோ ஆற்றின் கரையில் இருக்கிறது. விர்ஜில் முப்பத்து நாலு வருஷம் இங்கே பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் இடம் அது. காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த ரப்பர் அடைப்பான்களை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "காதை அடைச்சுக்கிட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்?" என்பார். வேலை முடிந்ததும் நேரே வண்டி. புகைக்குழாயின் உள்ளே சத்தத்தை அடக்கும் தகடுகளை எல்லாம் பிடுங்கி எறிந்த ஹார்லி அது. தெருமுனையில் அவர் திரும்பும்போதே எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். "நான் பேசுறத நீ கேக்கறதே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் மனைவி அயோவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்டாட்டிமார் எல்லோரும் சொல்வதைத்தானே அவளும் சொன்னாள் என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் விர்ஜில். நாங்களும் சிரித்தோம்.

எங்கள் சவாரிச் சங்கத்தில் முப்பது வண்டிகள். விர்ஜில்தான் கேப்டன். கேப்டன் என்றால் வரிசையின் தலையில், எங்கள் தடத்தின் இடது பக்கமாகப் போகிறவர். அவர் கை காட்டினால் பின்னால் இருப்பவன் கை காட்டுவான், அது கடைசி வண்டி வரைக்கும் போகும். எங்களிடம் எழுதிவைத்த விதிகள் அதிகம் கிடையாது. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. கேப்டனை யாரும் முந்தக் கூடாது. கேப்டன் வழி தவறினாலும் கூடவே தவறிப்போக வேண்டும். முந்துவது என்பது முப்பது பேர் முன்னால் அவர் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அதைச் செய்தது அவருடைய சொந்தத் தம்பி வெண்டெல். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாத ஞாயிறு. சோளக்காடுகளுக்கு நடுவே ஒற்றைச் சாலை, கொஞ்ச தூரத்தில் ரயில் பாதை. அந்த இடத்தில் கதவும் கிடையாது, விளக்கும் கிடையாது, வெறும் பலகைதான். இரண்டாவது வண்டியில் போன வெண்டெல் திடீரென்று வேகமெடுத்து அண்ணனை முந்தினான். முன்னால் போய்க் குறுக்கே நின்று, இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டான். நான் எட்டாவது வண்டி. விர்ஜில் இறங்கிப் போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்ததைப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் ஓடினோம், கத்தினோம். அதற்குள் மரங்களுக்குப் பின்னாலிருந்து சரக்கு ரயில் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் இன்னும் உரக்கக் கத்தினோம். ரயில் வந்ததையும் வெண்டெல் முந்தியதையும் சேர்த்து யோசிக்க அங்கே ஒருத்தனுக்கும் மூளை இல்லை. எனக்கும் இல்லை.

அந்த வாரமே சங்கத்தில் கூட்டம் போட்டோம். "ஏன்டா முந்தினே?" என்று கேட்டதற்கு வெண்டெல், "ஏதோ அவசரப்பட்டுட்டேன், தப்புதான்" என்றான். ஒரு வருஷம் அவன் கடைசி வண்டியாக வரவேண்டும் என்று தீர்மானித்தோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெண்டெல் பேனாக்கத்தியை எடுத்து, போட்டிருந்த தோல் சட்டையிலிருந்து சங்கத்தின் சின்னத்தை நூல் நூலாக அறுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். விர்ஜில் அதன் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு தெருதான்.

இந்த வருஷம் மார்ச் மாதம் வெண்டெலுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கே போய்விட்டான். சவ அடக்கத்துக்கு விர்ஜில் வந்தார், கடைசி வரிசையில் நின்றார். எல்லாம் முடிந்ததும் வெண்டெலின் மனைவி லொரெய்ன் அவர் கிட்டே வந்து, மெதுவான குரலில் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"அவரு உங்க போன்ல பேசி வெச்சிருந்தாரே, அதைக் கேட்டீங்களா?"

விர்ஜில் லேசாகச் சிரித்துத் தலையாட்டினார். "ஆமா, ஆமா. ரொம்ப நன்றி."

லொரெய்ன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். கல் நெஞ்சுக்காரன் என்று எனக்குள் திட்டிக்கொண்டேன். தான் வந்ததற்கு அவள் ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவர் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு வந்தார். கடை கெயிலுடையது, நான் வேலைக்காரன். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகச் சத்தம் போட்டார்.

"டேய் லோனி! இந்த வண்டியில இருக்கிற ரேடியோ உதவாதுடா. கொசு பாடுற மாதிரி இருக்கு. நல்ல ஆம்ப்ளிஃபயரா பாத்து மாட்டு. ஆயிரம் வாட்ஸ் வேணும்."

"ஆயிரம் வாட்ஸ் போட்டா உங்க பேட்டரி அழுதுரும் அண்ணே."

"அழட்டும். எனக்குப் பாட்டு முக்கியமில்ல, பேச்சு தெளிவா வரணும். ஒவ்வொரு வார்த்தையும் வரணும். அப்புறம் போனைச் செருகுறதுக்கு ஒரு வயர் விடு. போன்ல வர்றதெல்லாம் ஸ்பீக்கர்ல வரணும்."

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பட்டியல் புத்தகத்தைப் புரட்டினோம். அது எனக்குப் பிடித்த வேலை. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆயிரம் வாட்ஸ் வெறும் படம், ஒரு நொடி துள்ளிக் காட்டும். உள்ளே சின்ன எழுத்தில், ஓயாமல் எவ்வளவு தரும் என்று எழுதியிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அது ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்குப் பொருந்தவேண்டும். வண்டியின் சார்ஜ் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். முன்புறக் காற்றுத் தடுப்புக்குள் இருக்கும் கையகல இடத்தில் அது உட்காரவேண்டும், வெந்துபோகவும் கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். விர்ஜில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலில் எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் நானூறு வாட்ஸில், நாலு ஸ்பீக்கருக்கும் தனித்தனி வழியுள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

மாட்டி முடித்து அளவு வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு செய்தி அலைவரிசையைப் போட்டு, "போதுமா?" என்று கேட்டேன். குரலைக் கூர்மையாக்கும் ட்ரெபிளை இன்னும் கூட்டு என்றார். கூட்டினேன். இன்னும் என்றார். செய்தி வாசிப்பவளின் குரல் கண்ணாடியில் ஆணியால் கீறுவதுபோல ஆனது. கெயிலின் நாய் எழுந்து வெளியே ஓடியது. எனக்குப் பல் கூசியது. "இன்னும் கொஞ்சம்" என்றார் விர்ஜில்.

அந்த இடத்தில் ஸ்பீக்கர்காரன் எவனுக்கும் புரிந்துவிடும். காது பழுதாகும்போது முதலில் போவது மேல்சத்தம். ச, த, க எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மிச்சமிருப்பது வெறும் ஆ, ஓ. எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் கூடுமே தவிர சொல் திரும்ப வராது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அண்ணே, இது ஆம்ப்ளிஃபயர் செய்ற வேலை இல்ல, ஒரு காது டாக்டரைப் பாருங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவர் கேப்டன், நான் எட்டாவது வண்டி. காதைப் பற்றிப் பேசுவதைவிட வாட்ஸைப் பற்றிப் பேசுவது எளிது. "இதுக்கு மேல போனா ஸ்பீக்கர் கிழிஞ்சுரும்" என்று மட்டும் சொல்லி வண்டியைக் கொடுத்தனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை கடையில் சவாரிக் காலம் தொடங்கும் கொண்டாட்டம். ஒவ்வொரு வருஷமும் கெயில் முற்றத்தில் அடுப்பு மூட்டி ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பாள். சங்கத்தில் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். விர்ஜிலும் வந்தார், வழக்கம்போல எல்லோரையும் முந்திக்கொண்டு பேசினார். அவர் ஓயாமல் பேசுவது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. பேசிக்கொண்டே இருப்பவன் பிறர் பேச்சைக் கேட்கவேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த சரிவுக்குப் போனார். தனியாக இருக்க நினைத்தார் போல.

முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் செத்துப்போன வெண்டெலின் குரல், கடைச் சுவரைத் தாண்டி முற்றம் முழுவதும் நிறைந்தது.

"அண்ணா, நான் வெண்டெல் பேசுறேன். நீ போனை எடுக்க மாட்டேன்னு தெரியும். வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு ரயில் ஊதிச்சு அண்ணா. மூணு தடவை ஊதிச்சு. உனக்குக் கேக்கல. நான் பின்னாலேர்ந்து ஹாரன் அடிச்சேன், அதுவும் கேக்கல. நீ வேகத்தைக் குறைக்கவே இல்ல. வேற வழியில்லாமத்தான் முந்தினேன். உனக்குக் காது கேக்கலன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்ல எனக்கு மனசு வரல. உன்னைக் கேப்டன் வேலையிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு பயந்தேன். போகட்டும். நீ டாக்டர்கிட்ட காதைக் காட்டு அண்ணா, ஊர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. புதன்கிழமை சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போ. உன்னைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

யாரும் அசையவில்லை. ஒருத்தன் வாயருகே கொண்டுபோன ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். கை தூக்கி வெண்டெலைக் கடைசிக்கு அனுப்பிய பத்தொன்பது பேரில் பதினாறு பேராவது அந்த முற்றத்தில் இருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அந்த ரயிலின் குறுக்கே போயிருந்தால் முதலில் விர்ஜில் போயிருப்பார், அடுத்து அவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நாங்கள். எட்டாவது வண்டி தப்பித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அது முடிந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது, இன்னும் சத்தமாக.

அப்போதுதான் விளங்கியது. அவர் தனியாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தனக்கே சரியாகக் கேட்காதது சுவருக்கு இந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் என்று நினைத்திருக்கிறார். ஆற்றில் படகில் போன இரண்டு பேர் தலையைத் திருப்பிப் பார்த்ததைக் கடையின் பக்கவாட்டு வழியாக நான் பார்த்தேன்.

கெயில் கையில் இடுக்கியோடு என்னிடம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போய் நிறுத்துடா லோனி. பாவம்டா."

"நான் போய் என்னன்னு சொல்றது?"

"ஏதாவது சொல்லு. வயர் கழண்டுருச்சுன்னு சொல்லு. நீதானே மாட்டினே!"

நாற்பது அடி தூரம்தான். நான் போகவில்லை. போனால், எல்லோருக்கும் கேட்டுவிட்டது என்று சொல்லவேண்டி வரும். எது கேட்டது என்று அவர் கேட்டால், அதையும் சொல்லவேண்டி வரும். மூன்றாவது தடவையும் அது ஓடி முடிந்தது. 'ஊர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு' என்ற இடத்தில் என் பக்கத்தில் நின்றவன் அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான். என் வாழ்நாளில் நான் நின்ற இடங்களிலேயே மோசமான இடம் அதுதான்.

விர்ஜில் வண்டியை உருட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தார். அவ்வளவு பேரும் சட்டென்று அடுப்பையும் டயர்களையும் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வலுக்கட்டாயமாகச் சிரித்தார். என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, இது பத்தாது. இதுக்கு மேல பெரிசு இருக்கா?"

இதோ, இந்த இடத்தைத்தான் நான் இன்றுவரை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இருபத்தைந்து பேர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்கள், கவனிக்காததுபோல. யாராவது ஒருவன் வாயைத் திறப்பான் என்று நானும், நான் திறப்பேன் என்று அவர்களும் காத்திருந்தோம்.

"இருக்கு அண்ணே," என்றேன். "எண்ணூறு வாட்ஸ். வரவழைக்கிறேன்."

அடுத்த வாரம் முழுவதும் ஊர் விர்ஜிலைக் கண்ணாடிச் சாமான் கணக்காகத் தாங்கியது. உணவகத்தில் அவர் முறை வருவதற்கு முன்னாலேயே எவனாவது அவருக்கும் சேர்த்துச் சொன்னான். தினமும் அவரை வம்புக்கிழுக்கும் ஆட்கள்கூட, "வாங்க கேப்டன், உக்காருங்க கேப்டன்" என்றார்கள். விர்ஜிலுக்கு அது பிடிபடவில்லை. "என்னடா இது, எல்லாரும் திடீர்னு திருந்திட்டீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அவரிடம் உண்மையைச் சொல்லும் யோக்கியதை எங்களில் எவனுக்கும் இல்லை. அதனால் மரியாதை காட்டிச் சமாளித்தோம்.

எண்ணூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முன்பக்கம் அடங்கவில்லை. பின்னால் பக்கப்பெட்டி ஒன்றைக் காலி செய்து அதற்குள் வைத்தேன். பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்குத் தனி வயர், நடுவே ஒரு ஃபியூஸ். நாள் முழுவதும் பிடித்தது. எதற்கு மாட்டுகிறேன் என்று தெரிந்துகொண்டே, இது உதவாது என்று தெரிந்துகொண்டே, ஒவ்வொரு திருகையும் ஒழுங்காக முடுக்கினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கெயில் வங்கிக்குப் போயிருந்தாள், கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முடிந்ததும் அவரே போனைச் செருகினார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நான் கடைக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெண்டெலின் குரல் தகரக் கூரையை அதிரவைத்தது. விர்ஜில் கண்ணை இறுக்க மூடி, நெற்றியை ஸ்பீக்கரோடு ஒட்டவைத்துக் கேட்டார். முடிந்தது. அப்படியே இருந்தார்.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"லோனி. அவன் என்னடா சொல்றான்?"

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"'அண்ணா'ங்கிறது தெரியுது. 'வியாழக்கிழமை'ன்னு ஏதோ வருது. மிச்சமெல்லாம் ஒரே உளறலா இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கான். திட்டுறானா, என்னன்னு தெரியல. யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. வெளிப்படையாவே சொல்றேனே, எனக்குக் காது கேக்கலடா. ரொம்ப வருஷமா."

அவர் எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். என் வாய் அவருக்குத் தெரியும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மூன்று தடவை கேட்டதில் எல்லாம் மனப்பாடம். ரயில் ஊதியதைச் சொன்னேன், ஹாரன் அடித்ததைச் சொன்னேன், ஏன் முந்தினான் என்பதைச் சொன்னேன். ரயிலைப் பற்றிச் சொன்னபோது அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். புதன்கிழமை என்றதும் தலையாட்டுவது நின்றுவிட்டது.

"புதன்கிழமையா? வரச் சொன்னானா?"

"ஆமாண்ணே. உங்களைப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னாரு."

"நான் அன்னைக்கு வீட்லதான்டா இருந்தேன்," என்றார். "சும்மாதான் இருந்தேன்."

பிறகு அவர் கண் என்மேல் வந்தது. அவருக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை.

"ஒருதரம் ஓடினதுக்கு நீ அத்தனையையும் அட்சரம் பிசகாம சொல்றியே. முன்னாடியே கேட்டிருக்கியா?"

"சனிக்கிழமை கேட்டேன்."

"நான் ஆத்துப் பக்கம் இருந்தேனே."

"கேட்டுதுண்ணே."

"உனக்கு மட்டுமா?"

"முற்றத்துல இருந்த எல்லாருக்கும். மூணு தடவையும்."

ஊர் ஏன் திடீரென்று திருந்தியது என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கப்பெட்டியில் பளபளவென்று இருந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் கேட்டுட்டு, இதையும் மாட்டிவிட்டியேடா தம்பி," என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

எழுந்து தலைக்கவசத்தை எடுத்தார். "கிளம்பு. லொரெய்ன் வீட்டுக்குப் போகணும். அவ பேசினா எனக்குக் கேக்காது. நீதான் சொல்லணும். இந்தத் தடவை ஒண்ணையும் மறைக்காதே."

இரண்டு வண்டியில் போனோம். லொரெய்ன் கதவைத் திறந்தாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. விர்ஜில் வாசல்படியில் நின்றபடியே சொன்னார். தனக்குக் காது கேட்காது, அன்றைக்கு இடுகாட்டில் நீ கேட்டதும் கேட்கவில்லை, தம்பி பேசியது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது என்று. அவ்வளவையும் ஒரே மூச்சில், தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

லொரெய்ன் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கே சிரமப்பட்டுக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அன்னைக்கு மழை. தன்னோட வண்டிய வெளிய மழையில நிறுத்திட்டு, கராஜைக் காலி பண்ணி வெச்சாரு. உங்க வண்டி நனையக்கூடாதாம். பத்து மணி வரைக்கும் கதவைச் சாத்தவே விடல."

விர்ஜில் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா?"

சொன்னேன். என் குரல் எழும்பவில்லை. அவர் காதின்மேல் கையைக் குவித்து, இன்னும் கிட்டே வந்து குனிந்தார்.

"கேக்கலடா. சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.